ஜேர்மன் வகுப்பில் கணினி: காதுக்கும் வாய்க்கும் மட்டும்

திருகோணமலையில் ஜேர்மன் படிக்க வருகிறவர்கள் யார் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். முக்கால்வாசிப் பேர் அண்மையில் கல்யாணம் முடித்த பெண்கள். கணவர் டோர்ட்மண்டிலோ ஸ்டுட்கார்ட்டிலோ வேலை செய்கிறார். இவர் உவர்மலையிலோ சாம்பல்தீவிலோ அம்மா வீட்டில் இருந்து விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். 2007 ஓகஸ்ட்டுக்குப் பிறகு, ஜேர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா கேட்பவர்கள் பெரும்பாலும் ஏ1 அளவுக்கு (ஐரோப்பிய மொழி அளவுகோலில் முதல் படி) ஜேர்மன் தெரியும் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். மிச்சப் பேர் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் பெடியள். இடைக்கிடை, தாதியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று உயர்தரம் முடித்த பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் வருவார்கள்.

மொழி மேல் ஆசைப்பட்டு வருகிறவர்கள் குறைவு. பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒரு பிழையும் இல்லை. நான் கிழமை நாட்களில் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆள்; சனி, ஞாயிறில் இந்த ஜேர்மன் வகுப்பு. வகுப்பில் இரண்டாம் கையாக வாங்கிய சில மேசைக் கணினிகள், ஒரு ப்ரொஜெக்டர், கொஞ்சம் ஹெட்செட். கணினியை வைத்து மொழி எப்படிப் படிப்பிக்கிறீர்கள் என்று மற்ற ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்காகத்தான் இது.

ஜேர்மன் மொழிப் பரீட்சைகள் நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட்டின் ஏ1 பரீட்சையில் நாலு பகுதி. கேட்டல் சுமார் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20, கதைத்தல் குழுவாக ஒரு 15 நிமிடம். நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி. வாசித்தலும் எழுதுதலும் எங்கட ஆட்களுக்குப் பெரிய பயமில்லை. ஓ/எல்லுக்கும் ஏ/எல்லுக்கும் பாடமாக்கிப் பழகிய கை, எழுதிவிடும். விழுவதெல்லாம் கேட்டலிலும் கதைத்தலிலும்தான். அதனால் என் வகுப்பில் கணினிக்கு இரண்டே வேலை: காதைப் பழக்குவது, வாயைத் திறக்க வைப்பது. இலக்கணம் விளங்கப்படுத்த வெள்ளைப் பலகை காணும். சரியான விடையைக் கிளிக் பண்ணும் பயிற்சிகள் இணையத்தில் மலைபோல் கிடக்கின்றன. அவற்றைக் கொடுத்தால் வகுப்பு அமைதியாக, ஒழுங்காக இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நல்ல படிப்பு நடப்பதுபோல் தெரியும். ஒரு மணித்தியாலம் முடியும்போது ஒருவர் வாயிலிருந்தும் ஒரு ஜேர்மன் சொல் வந்திருக்காது.

இன்னொன்று, ஒரு கணினிக்கு இரண்டு பேர். காசு இல்லை என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் நாளைக்கே யாராவது ஆளுக்கொரு கணினி வாங்கித் தந்தாலும் நான் இரண்டு இரண்டு பேராகத்தான் இருத்துவேன். தனியாக இருக்கிற பிள்ளை விளங்காத இடத்தைத் தட்டிவிட்டுப் போய்விடும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் "இல்லை, அவன் அப்பிடிச் சொல்லேல்லை, திருப்பிப் போடு" என்று ஒரு சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் படிப்பு இருக்கிறது. ஒரு கணினியில் இரண்டு ஹெட்செட் பூட்ட ஸ்ப்ளிட்டர் ஒன்று வேண்டும். மலிவான சாமான். ஒரு பெட்டி வாங்கி வையுங்கள், ஏனென்றால் திருகோணமலையில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஹெட்செட்டின் செருகுமுனை பச்சை பிடிக்கும், பிறகு ஒரு காதில்தான் கேட்கும். பாவிக்காத நேரம் எல்லாவற்றையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பது எங்கள் வகுப்பின் சட்டம்.

கேட்டலில் முதல் அடி விழுவது எண்களில். ஜேர்மனில் 47ஐ 'ஏழும் நாற்பதும்' என்கிற ஒழுங்கில் சொல்வார்கள்: சீபன் உண்ட் ஃபீயர்ட்ஸிக். காதில் முதலில் ஏழு விழும், கை உடனே 7 எழுதும், பிறகு 4. கடைசியில் தாளில் 74 நிற்கும். விலை, தொலைபேசி இலக்கம், ரயில் மேடை, நேரம் என்று ஏ1 கேட்டல் முழுக்க எண்தான். இதை விளங்கப்படுத்திப் பிரயோசனமில்லை, எல்லோருக்கும் விளங்கும். காதுக்கும் கைக்கும் இடையில் இருக்கிற பழக்கத்தை மாற்ற வேண்டும், அதற்கு நூற்றுக்கணக்கில் எண் கேட்க வேண்டும். எந்த ஆசிரியருக்கும் அவ்வளவு தொண்டை இல்லை. விண்டோஸில் ஜேர்மன் வாசிப்புக் குரல் ஒன்றை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். எக்ஸலில் 21க்கும் 99க்கும் இடையில் எழுமாறாக எண்களை வரவைத்து, அந்தக் குரலால் வாசிப்பித்து, ஒலிக்கோப்பாகப் பதிந்து வைத்திருக்கிறேன். சோடியில் ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். கேட்கிறவர் எழுதக் கூடாது. இதை வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில், ஒவ்வொரு வகுப்பிலும் செய்யுங்கள். சலிக்கும், பரவாயில்லை.

உரையாடல்களுக்கு வி.எல்.சி பிளேயர் போதும். விசைப்பலகையில் சதுர அடைப்புக்குறி இரண்டு இருக்கிறதே, இடதுபக்கத்தது வேகத்தைக் குறைக்கும், வலதுபக்கத்தது கூட்டும். குரல் தடிக்காது, சுருதி மாறாது. எண்பது வீதம் வரை குறைக்கலாம். எழுபதுக்குக் கீழே போனால் சொற்கள் இழுபட்டு, நிஜத்தில் எந்த ஜேர்மன்காரரும் கதைக்காத ஒரு மொழி கேட்கும். மெதுவாகக் கேட்பது முதல் தடவைக்கு மட்டும். அப்புறம் சாதாரண வேகத்தில் கேட்காமல் அடுத்ததற்குப் போக விடாதீர்கள்.

பரீட்சையில் கேட்டல் மூன்று பாகம். முதலாவதும் மூன்றாவதும் இரண்டு முறை கேட்கும். நடுவில் இருக்கிற அறிவித்தல் பகுதி, அதாவது ரயில் நிலையம், விமான நிலையம், கடை போன்ற இடங்களின் ஒலிபெருக்கி அறிவித்தல்கள், ஒரே ஒரு தடவைதான். எங்கட ஆட்கள் அழுவது அதில்தான். திருவிழாக் காலங்களில் கோயில் ஸ்பீக்கர் வகுப்புக்குள் வந்து இருந்துவிடும். அந்த நாட்களில் வகுப்பைத் தள்ளிப்போடாமல் அறிவித்தல் பகுதியைத்தான் எடுப்பேன், அதுவும் ஹெட்செட் இல்லாமல், அறையின் ஸ்பீக்கரில். சத்தத்துக்குள் ஒரு தடவை கேட்டு ரயில் மேடை எண்ணைப் பிடிக்கப் பழகியவருக்குப் பரீட்சை அறையின் அமைதி பெரிய சலுகை. அம்பாளின் உபகாரம் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வாய்க்கு வருவோம். ஓடாசிட்டி என்று ஒரு இலவச ஒலிப்பதிவு மென்பொருள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வானொலிக்காரர், பாட்டுக்காரர் பாவிப்பது. மொழி வகுப்புக்கு இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது. காரணம், அது குரலைப் படமாகக் காட்டும். தமிழ் பேசுகிற வாய்க்கு வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது கஷ்டம். கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டாமல் விடாது. ஜேர்மனில் நாள் என்பதற்கு 'டாக்'. எங்கள் வகுப்பில் அது 'டாக்கு'. 'உகரம் போடாதேங்கோ' என்று எத்தனை தரம் சொன்னாலும், சொல்கிற பிள்ளைக்குத் தான் போட்டது கேட்காது. "டீச்சர், நான் டாக்கு எண்டுதானே சொன்னனான்?" என்று கேட்கும்.

ஓடாசிட்டியில் மேலே மூல ஒலியை வைப்போம், கீழே பிள்ளை பதிய வேண்டும். மூல ஒலியில் தடித்த ஒரு மேடு, அதுதான் 'ஆ'. பிறகு ஒரு வெறுமை, பிறகு ஊசிபோல் ஒரு சின்னக் கீறு, முடிந்தது. பிள்ளையின் ஒலியில் அந்தக் கீறுக்குப் பிறகு இன்னொரு குட்டி மேடு நிற்கும். நிலாவெளியிலிருந்து வருகிற ஒருத்தி திரையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், என்ட படத்தில ஒரு மேடு கூட நிக்குது!" என்றாள். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மேடு போகும் வரைக்கும் அவளும் பக்கத்தில் இருந்தவளும் மாறி மாறிப் பதிந்தார்கள். ஆர் விசை பதிவுக்கு, இடைவெளி விசை கேட்க. அவர்களுக்குத் தெரிய வேண்டிய தொழில்நுட்பம் இவ்வளவுதான்.

இதே படம் இன்னொன்றுக்கும் உதவும். ஜேர்மனில் தோட்டத்துக்கு ஒரு சொல், சீட்டுகளுக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் 'கார்ட்டன்'. எங்கள் ககரம் ஒன்றுதான், அவர்களுக்கு இரண்டு. சீட்டில் வருகிற ககரத்துக்குப் பிறகு ஒரு காற்று வெளியேறும். ஓடாசிட்டியில் அது மேட்டுக்கு முன்னால் புகைமாதிரி ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அதனால்தான் கொப்பியில் ஜேர்மன் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுத நான் யாரையும் விடுவதில்லை. எல்லா ஆசிரியரும் இதில் என்னோடு உடன்படமாட்டார்கள். முதல் கிழமையில் தமிழெழுத்து கைகொடுக்கும்தான், ஆனால் மூன்றாம் மாதத்தில் அந்தப் பிள்ளை ஜேர்மனை வாசிக்காது, கொப்பியில் இருக்கிற தமிழைத்தான் வாசிக்கும். உச்சரிப்பு மறந்தால் போனில் ஒலியைக் கேள், எழுதாதே என்பது என் நிலை. பகரத்துக்கு மட்டும் கணினியைவிடக் கடதாசித் துண்டு நல்லது. வாய்க்கு முன்னால் பிடித்தால் ஒரு பகரத்துக்குக் கடதாசி ஆடும், மற்றதுக்கு ஆடாது.

பதிவுக்கு ஒரு குறிப்பு. மின்விசிறியை நிறுத்தாமல் பதிந்தால் படம் முழுக்கப் புல் முளைத்திருக்கும். விசிறியை நிறுத்தினால் மே மாதத்தில் பிள்ளைகள் மயங்கி விழும். மைக் பூட்டிய ஹெட்செட்டை வாய்க்குக் கிட்ட வைத்துப் பதிந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மிச்சத்தை அதே மென்பொருளில் இருக்கிற நொய்ஸ் ரிடக்ஷன் பார்த்துக்கொள்ளும்.

உம்லௌட் எழுத்துகளுக்கு, அதாவது மேலே இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகளுக்கு, போனின் முன்பக்கக் கமரா போதும். புள்ளி வைத்த 'ஊ'வுக்கு உதட்டை 'ஊ' சொல்வதுபோல் குவி, உள்ளுக்குள் 'ஈ' சொல். குவித்த உதடு விரிகிறதா என்று திரையில் பார். முதல் நாள் எல்லோரும் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அது பரவாயில்லை.

கதைத்தல் பரீட்சையின் முதல் வேலை தன்னை அறிமுகப்படுத்துவது. அதில் தன் பெயரையோ ஊரின் பெயரையோ எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். எங்கட பெயர்களின் நீளம் தெரியும்தானே. அதோடு ஆங்கிலப் பழக்கம் குறுக்கே வரும். ஆங்கிலத்தின் முதலெழுத்தை நாங்கள் 'ஏ' என்போம். ஜேர்மன் காதில் அது ஐந்தாம் எழுத்து. ஐந்தாம் எழுத்தை 'ஈ' என்போம். அவர்களுக்கு அது ஒன்பதாம் எழுத்து. ஜெயந்தி என்று ஒருவர் இருந்தால் யொட், ஏ, உப்சிலொன், ஆ, என், டே, ஹா, ஈ என்று சொல்ல வேண்டும்.

இதற்கு எங்கள் வகுப்பில் ஒரு விளையாட்டு. ப்ரொஜெக்டரில் நோட்பேட், எழுத்து பெரிதாக. ஒருவர் கணினியில் இருந்து தட்டச்சுவார். பெயர் சொல்கிறவர் திரைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பெயர் சொல்கிறவரின் உண்மைப் பெயர் எடுபடாது, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். அப்பப்பாவின் பெயர், கணவரின் முழுப் பெயர், அவர் இருக்கிற தெருவின் பெயர், இப்படி. தட்டச்சுகிறவர் தான் கேட்டதை மட்டும் அடிக்க வேண்டும், ஊகித்துத் திருத்தக் கூடாது. முடிந்ததும் திரும்பிப் பார்க்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கிண்ணியாவிலிருந்து வரும் தம்பி ஒருவன் தன் மூத்தப்பாவின் பெயரைச் சொல்லி முடித்துத் திரும்பினால், திரையில் இருந்தது எந்த மதத்திலும் எந்த நாட்டிலும் இல்லாத ஒரு பெயர். நான் ஒன்றும் சொல்லவில்லை. "திருப்பிச் சொல்றன், நீ வடிவாக் கேள்" என்றான் தட்டச்சியவளிடம். அவளும் விடவில்லை: "நீ ஏ எண்டாய், நான் ஏ அடிச்சன்." இந்த விளையாட்டுக்கு இணையம் வேண்டாம், புதுக் கணினி வேண்டாம். விண்டோஸோடு வரும் நோட்பேட் போதும்.

அதே நேரம் விசைப்பலகைத் தலையிடியும் வரும். ஜேர்மன் விசைப்பலகையைத் தெரிவு செய்தால் ஆங்கிலத்தின் கடைசி எழுத்தும் அதற்கு முந்தைய எழுத்தும் இடம் மாறிவிடும். பிறகு வருகிறவரின் கடவுச்சொல் வேலை செய்யாது, கணினி பழுது என்று என்னிடம் வருவார்கள். யூ.எஸ் இன்டர்நஷனல் விசைப்பலகையை வைத்தால் எழுத்துகள் இடம் மாறாது. இரட்டை மேற்கோள் குறியை அடித்துவிட்டு உயிரெழுத்தை அடித்தால் இரண்டு புள்ளி வந்துவிடும்.

ஒலிக்கு எங்கே போவது? கோத்தே இன்ஸ்டிடியூட்டின் தளத்தில் மாதிரிப் பரீட்சைகள் ஒலியோடு இலவசமாக உண்டு. ஜேர்மனியின் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்லே, ஏ1 முதல் பி1 வரை (மூன்றாம் படி வரை) இலவசக் காணொளிப் பாடநெறி வைத்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வரும் நிக்கோ என்ற இளைஞன் விமான நிலையத்திலேயே பையைத் தொலைத்துவிட்டு நிற்பதில் கதை தொடங்கும். திருகோணமலைக்கு டொய்ச்ச வெல்லே புதிது இல்லை. 1980களில் தொடங்கிய அதன் சிற்றலை மறுஒலிபரப்பு நிலையம் இங்கேதான் இருந்தது, பிறகுதான் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனது. ஜேர்மன் ஒலி ஆசியாவின் மற்ற நாடுகளுக்கு இந்த மண்ணிலிருந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் இங்கே ஜேர்மன் படிக்க ஒரு வகுப்பு இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்தக் காணொளிகளை முதலில் சத்தமில்லாமல் போடுங்கள். யார், எங்கே, என்ன கேட்கிறார் என்று சோடிகள் ஊகிக்கட்டும். அப்புறம் சத்தத்தோடு.

ஆனால் எல்லாவற்றிலும் நல்ல ஒலி எங்களிடமே இருக்கிறது, கன பேருக்கு அது தோன்றுவதில்லை. கணவருடைய அக்காவின் மகள் அங்கே பிறந்து அங்கே பள்ளிக்கூடம் போகிறாள். பத்து வயது, ஜேர்மன் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளிடம் வட்ஸ்அப்பில் குரல் செய்தி கேளுங்கள். 'நாளைக்கு என்ன பாடம், எத்தனை மணிக்கு', 'கடையில் என்ன வாங்கினீர்கள், எவ்வளவு', 'உன் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லு'. அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எங்கள் வகுப்பில் இப்படிச் சேர்ந்த குரல்கள் ஒரு கோப்புறை நிறைய உண்டு. வி.எல்.சியில் அவை நேரடியாக ஓடும். மாமி திருப்பி அனுப்புகிற ஜேர்மனுக்குப் பதில் உடனே வரும்: "மாமி, அது டெர் இல்ல, டஸ்!" (டெர், டீ, டஸ் என்பவை ஜேர்மன் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட முன்னால் வரும் சொற்கள்.) எந்த மென்பொருளும் இவ்வளவு கெதியாகவும் இவ்வளவு இரக்கமில்லாமலும் திருத்தாது. பிள்ளையின் அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அந்தக் குரல்கள் வகுப்புக்கு வெளியே போகக் கூடாது.

கணவரிடமே படிக்கலாமே என்பார்கள். படிக்கலாம். ஆனால் பல வருடம் உணவகச் சமையலறையில் கேட்டுப் பழகிய ஜேர்மனில் டெர், டீ, டஸ் எல்லாம் விழுங்குப்பட்டுப் போயிருக்கும். கணவரும் மனைவியும் இதைப் பற்றிச் சண்டை பிடிப்பதில் நான் தலையிடுவதில்லை.

சொல் ஞாபகத்துக்கு அங்கி (Anki) என்ற மென்பொருள். கேள்வி அட்டைபோல் வேலை செய்யும். மறக்கப்போகிற நேரம் பார்த்துச் சொல்லைத் திரும்பக் காட்டும். மறதியின் வேகத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவரும் ஒரு ஜேர்மானியர்தான், ஹேர்மன் எபிங்ஹவுஸ். பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, தன்னையே சோதித்து, 1885இல் வெளியிட்டார். அங்கி கணினியிலும் அன்ட்ரொயிட் போனிலும் இலவசம், ஐபோனில் காசு. அட்டையின் முன்பக்கம் படம் மட்டும், பின்பக்கம் ஒலியும் சொல்லும். டெர் நீலம், டீ சிவப்பு, டஸ் பச்சை. ஒன்றும் மாற்றாமல் விட்டால் நாளுக்கு 20 புதுச் சொல் காட்டும். அதைப் பத்தாகக் குறையுங்கள். வீட்டில் ஒரு சடங்கு வந்தால் ஒரு கிழமை தொட மாட்டார்கள், திரும்பித் திறந்தால் நூற்றுக்கணக்கில் அட்டை நிற்கும், அதோடு அங்கிக்கு முழுக்கு. நிலாவெளியிலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் வருகிறவர்கள்தான் இதில் கெட்டிக்காரர்.

இணையத்தை நம்பி எந்தப் பாடத்தையும் திட்டமிடாதீர்கள். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. ஒலி எல்லாவற்றையும் இறக்கி ஒவ்வொரு கணினியிலும், ஒவ்வொருவரின் போனிலும் போட்டு வைத்திருக்கிறோம். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவான ஹொட் பொட்டேட்டோஸ் என்ற பழைய இலவச மென்பொருள் இன்னும் வேலைக்கு உதவும். இடைவெளி நிரப்பல், சொல் ஒழுங்கு மாற்றல் பயிற்சிகளை இணையமில்லாமல் உலாவியில் திறக்கிற பக்கங்களாக ஆக்கித் தரும். கிளிக் பண்ணும் பயிற்சிதான், ஆனால் வசனத்தை இருவரும் சத்தமாக வாசித்த பிறகுதான் விடை பார்க்கலாம் என்று ஒரு விதி வைத்தால் பிழையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை சீசன். ஹோட்டல் பெடியள் வகுப்புப் பக்கம் தலைகாட்ட முடியாது. அவர்களுக்கு அந்தக் காலத்தில் இந்தக் கோப்புறையும் ஹோட்டலுக்கு வருகிற ஜேர்மன்காரரும்தான் வகுப்பு.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்பார்கள் என்பதால்: உரையாடல் எழுதுவிக்க நல்லது. 'மருந்துக்கடையில் ஒருவர், ஏ1 சொற்கள் மட்டும், எட்டு வரி' என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தரும். நாலாம் வரியில் பி1க்குப் போய்விடும், நாங்கள்தான் இழுத்துக் கீழே கொண்டுவர வேண்டும். போனின் ஜேர்மன் குரல் தட்டச்சு கூச்சம் போவதற்கு உதவும். வாய் திறந்தால் எழுத்து வருகிறதே என்ற சந்தோஷம் பிள்ளைகளுக்கு. உச்சரிப்புக்கு அதை நம்பாதீர்கள். வசனமாகச் சொன்னால் அரைகுறையைக்கூட ஊகித்துச் சரியாக எழுதிவிடும், 'டாக்கு' அதற்கு ஒரு பிரச்சினையே இல்லை. தனிச் சொல்லாகச் சொல்லிப் பார்த்தால் ஓரளவு உண்மை தெரியும். வீட்டுவேலையை மொழிபெயர்ப்புச் செயலியில் செய்துகொண்டு வருகிறவர்களைப் பிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். எங்கள் புத்தகத்தில் இன்னும் வராத இறந்தகாலம் அதில் அழகாக இருக்கும். எழுதுகிற வேலையை நான் வீட்டுக்குக் கொடுப்பதே இல்லை, வகுப்பில் கையால்தான்.

பரீட்சைக்கு முந்தைய கிழமை கணினிகளை மூடிவிடுவேன். கதைத்தலில் இரண்டாம், மூன்றாம் பாகம் அட்டையை எடுத்து எதிரில் இருக்கிறவரிடம் கேள்வி கேட்பதும், ஒன்றைத் தரும்படி கேட்பதும். அதற்கு எதிரில் ஒரு மனிசர் வேண்டும், அதுவும் வழக்கமான சோடி இல்லாமல் வேறொருவர். எழுதுதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், சுமார் 30 சொல்லில் ஒரு சின்னக் கடிதம் எழுத வேண்டும். மாதக்கணக்கில் கீபோர்டில் பழகிய கை பேனையில் இரண்டு புள்ளியை வைக்க மறந்துவிடும். அதனால் அந்தக் கிழமை தினம் ஒரு கடிதம், மணிக்கூட்டைப் பார்த்து. கொழும்புக்கு இரவு ரயிலில் போகிறவர்களுக்கு நான் சொல்வது, ரயிலில் மாதிரிப் பரீட்சை கேட்காதீர்கள், மருமகளின் குரல் செய்திகளைக் கேளுங்கள், பிறகு நித்திரை கொள்ளுங்கள்.